முப்பத்துநான்காம் எலி

என்ன வேலை என்று யாராவது கேட்டால், "லேப்ல அட்டெண்டர்" என்பதோடு ஆசியா பீவி நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் சொன்னால் அடுத்த கேள்வி எலியைப் பற்றி வரும். அதற்கடுத்தது எலியைக் கொல்வதைப் பற்றி வரும்.

வயது நாற்பத்து நான்கு. பிறந்தது, படித்தது, நிக்காஹ் முடித்தது எல்லாம் போர்ட் பிளேர் ஹேடோவில்தான். வாப்பா துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டியவர். கணவர் ஜாஹிர் அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் புரோத்ராபூரில் இருக்கும் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் தரை துடைக்கப் போனாள். அங்கே விலங்கு அறையைப் பார்த்துக்கொண்டிருந்த கால்நடை மருத்துவர் நாகராஜ், இவள் கூண்டு மாற்றும்போது எலிகள் கத்துவதில்லை என்பதைக் கவனித்தார். எலியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அடுத்து எடை பார்க்க, பிறகு மருந்து புகட்ட. புகட்டுவதுதான் கஷ்டம். முனையில் சின்னக் குமிழ் வைத்த வளைந்த ஊசியை எலியின் வாய்க்குள் விட்டு, தொண்டை வழியாக வயிறு வரை இறக்க வேண்டும். பக்கத்திலேயே மூச்சுக்குழாய் இருக்கிறது. ஒரு நூல் தவறினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். ஆறு வருஷமாக அந்த வேலையை ஆசியாதான் செய்துவந்தாள். தவறியதே இல்லை என்று நாகராஜ் எல்லோரிடமும் சொல்வார்.

சென்ற வருஷம் ஜூனில் நாற்பது வெள்ளெலிகள் சென்னையிலிருந்து விமானத்தில் வந்தன. கசப்புக்கொடி என்று இங்கே தமிழர்கள் சொல்லும் ஒரு காட்டுக்கொடியின் இலைச்சாறு உடம்புக்குக் கெடுதல் செய்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஹேடோவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் ஜமீல்தான் அதைச் செய்யச் சொல்லியிருந்தார். மூட்டு வலிக்கு அந்த இலையை வெந்நீரில் போட்டுக் குடிப்பது அவர் குடும்ப வழக்கம். இப்போது அதைச் சாராயத்தில் ஊறவைத்து, சத்தை இறுக்கி, காப்ஸ்யூலாக விற்க நினைத்தார். அதற்கு ஒரு பாதுகாப்பு அறிக்கை தேவைப்பட்டது.

எலிகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வெறும் தண்ணீர். மற்ற மூன்றுக்கும் கொஞ்சம், நடுத்தரம், அதிகம் என்று மூன்று அளவில் சாறு. இருபத்தெட்டு நாள் தினமும் புகட்ட வேண்டும். முப்பத்தொன்று முதல் நாற்பது வரை எண்ணிட்ட எலிகளுக்கு அதிக அளவு. சோதனைக்குப் பொறுப்பு உமா மகேஸ்வரி. திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத இளம் விஞ்ஞானி.

பதினான்காம் நாள் திங்கட்கிழமை. முப்பத்தொன்றையும் முப்பத்தெட்டையும் எடை பார்க்கத் தூக்கியபோது காது ஒரு மாதிரியாக இருப்பது ஆசியாவுக்குப் பட்டது. வெள்ளெலிக்குக் காது ரோஜா நிறமாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். இவற்றின் காதில் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. உமாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். டியூப்லைட் வெளிச்சத்தில் உமா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குச் சரியாத் தெரியலையே ஆசியாக்கா. பாத்துக்கிட்டே இருங்க."

தினசரித் தாளில் தீனி, தண்ணீர், மயிர், நடமாட்டம் என்று கட்டங்கள் இருந்தன. காதுக்குக் கட்டம் இல்லை. ஆசியா எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முப்பத்துநான்காம் எலியைப் பிடித்தாள். ஊசி இறங்கும் நேரத்தில் அது கழுத்தை முறுக்கியது. ஊசி முனையில் மிக மெல்லியதாக ஏதோ தட்டியது. உடனே வெளியே எடுத்திருக்க வேண்டும். வரிசையில் இன்னும் ஆறு எலிகள் இருந்தன. அவள் அழுத்தினாள்.

எலியின் மூக்கில் பச்சையாக ஒரு துளி வந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. கூண்டுக்குள் வைத்த சில நிமிஷத்தில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது.

தாளில் "34, இறப்பு, 10.20" என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்து எடுத்துவிட்டாள். உமாவிடம், "திடீர்னு போயிருச்சு மேடம்" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் அங்கே சொன்ன முதல் பொய் அது. முழுப் பொய்கூட இல்லை, பாதி. உடலைப் பையில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள்.

சாயங்காலம் வீட்டில் ஜாஹிர் கேட்டார். "என்ன ஆச்சு? முகமே சரியில்லயே."

"தலைவலி" என்றாள். அதுவும் பாதிதான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு விலங்கு அறையைத் திறந்தபோது முப்பத்தொன்றும் முப்பத்தெட்டும் கூண்டுக்குள் விறைத்துக் கிடந்தன.

ஒன்பது மணிக்கு இயக்குநர் சந்திரமோகன் அறைக்குக் கூப்பிட்டார். உமா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது.

"உக்காருங்க ஆசியா. பயப்படாதீங்க. ரெண்டு நாள்ல மூணு சாவு, மூணுக்கும் புகட்டினது ஒரே ஆள். இது கைத்தவறு. எல்லா லேப்லயும் நடக்கறதுதான். இதுல கையெழுத்துப் போடுங்க. மூணு எலிக்குப் பதிலா வேற மூணு வெச்சுத் தொடருவோம். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, அதுக்கு நான் கேரண்டி."

ஆசியா தாளைப் பார்த்தாள். மூன்று எண்களும் ஒரே வரியில் இருந்தன. 31, 34, 38. புகட்டும்போது நேர்ந்த தவறு. பேனாவை அவர் மூடி கழற்றி நீட்டினார். அதை வாங்கினாள்.

கையெழுத்துப் போட்டால் வியாழக்கிழமை விஷயம் இத்தோடு முடிந்துவிடும். யாரும் திட்டப் போவதில்லை. ஆனால் மூன்றையும் கொன்றது அவள் கை என்று எழுதிவிட்டால், சாறு ஒன்றும் செய்யவில்லை என்றாகிவிடும். அந்தக் காதுகளின் மஞ்சள் அவளைத் தவிர யார் கண்ணுக்கும் பட்டிருக்கவில்லை.

பேனாவை மேசையில் வைத்தாள்.

"சார், முப்பத்துநாலு என் கைதான். ஊசி தட்டுனது எனக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சும் அழுத்திட்டேன்."

உமா சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

"ஆனா மத்த ரெண்டும் நான் இல்ல" என்றாள் ஆசியா.

"எப்படிச் சொல்றீங்க?"

"கைத்தவறுன்னா அந்த நிமிஷமே தெரிஞ்சிரும் சார். நேத்து நாலு மணி வரைக்கும் அதுக ரெண்டும் மூச்சு நல்லாத்தான் விட்டுச்சு. திங்கக்கிழமையே காது மஞ்சளா இருந்துச்சு."

"எழுதினீங்களா?"

"இல்ல."

"முப்பத்துநாலைப் பத்தி நேத்தே சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப இன்னிக்குச் சொல்றத மட்டும் நான் எதை வெச்சு நம்பறது?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவளாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

"என்னை நம்ப வேணாம் சார். மூணையும் திறந்து பாருங்க."

சந்திரமோகன் நாற்காலியில் சாய்ந்தார். "நாகராஜ் மெயின்லேண்ட்ல இருக்கார். செவ்வாய்க்கிழமைதான் வருவார். அதுவரைக்கும் மூணையும் டீப் ஃப்ரீசர்ல போட்டு வைங்க. அவர் வந்து பார்க்கட்டும்."

"ஃப்ரீசர்ல போட்டா உறைஞ்சு உள்ள எல்லாம் சிதைஞ்சிரும் சார். அப்புறம் மைக்ராஸ்கோப்ல ஈரலைப் பார்த்தா ஒண்ணும் தெரியாதுன்னு நாகராஜ் சாரே..."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க." எழுந்து சாவியை எடுத்துக்கொண்டார். டவுனில் அவருக்குக் கூட்டம் இருந்தது. கார் வாசலைத் தாண்டும் சத்தம் கேட்டது.

குளிர்ப்பெட்டிக்கு முன்னால் ஆசியாவும் உமாவும் நின்றார்கள். மூன்று பைகளும் ஆசியாவின் கையில் இருந்தன. ஃப்ரீசர் கதவை அவள் திறக்கவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கலாம்லக்கா" என்றார் உமா. கோபத்தைவிட வருத்தம்தான் அந்தக் குரலில் இருந்தது.

"சொல்லியிருக்கணும் மேடம்."

உமா நாகராஜுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததைக் கேட்டதும் நாகராஜ் இரைந்தார்.

"அரே, செவ்வாய்க்கிழமை வரைக்குமா? இதுக்கு மேல ஒரு மணி நேரம்கூட வைக்காதீங்க. உமா, ஸ்டடி உங்க பேர்ல இருக்கு. அறுத்துப் பார்க்கறதுக்கு உங்களுக்கு அதிகாரம் இருக்கு. ஜல்தி திறங்க. உறுப்பெல்லாம் கெடாம இருக்க ஃபார்மலின்ல போயிடணும். விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு நான் இப்பவே மெயில் போடுறேன். ஆசியா தீதி பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கேன் சார்."

"போட்டோ எடுங்க. மூணையும் ஒரே மாதிரி எடுங்க, உங்களுக்குப் பாதகமா இருக்கறதையும் சேர்த்து."

உமா கையுறை போட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. பின்புறம் ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. ஏசி நின்ற அறையில் கூண்டுகளில் பரப்பியிருந்த உமியின் வாடை எழுந்தது. குளிர்ப்பெட்டியும் நின்றுவிட்டது. காத்திருக்க வழியில்லை. மேசையை இருவருமாக ஜன்னலோரம் இழுத்தார்கள். மழை ஓய்ந்து வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது.

"முதல்ல முப்பத்துநாலு" என்றாள் ஆசியா.

உமா நெஞ்சைத் திறந்தார். நுரையீரல் இரண்டும் ஊறிப்போய், கரும்பச்சையாகக் கசிந்தன. கேட்க ஒன்றும் இல்லை. ஆசியா கேமராவைப் பிடித்துப் படம் எடுத்தாள். முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவது எடுத்தாள்.

அடுத்தது முப்பத்தொன்று. உமா கத்தரியை வைப்பதற்கு முன்னால் ஆசியா கண்ணை மூடித் திறந்தாள். ஆறு வருஷத்துக் கைமேல் அவளுக்கே இப்போது நம்பிக்கை இல்லை. ஒன்றில் தவறியது மூன்றிலும் தவறியிருக்கலாம், அது தனக்கே தெரியாமல் போயிருக்கலாம் என்று இரவெல்லாம் தோன்றியிருந்தது.

நுரையீரல் சுத்தமாக இருந்தது. இளஞ்சிவப்பு, பஞ்சு மாதிரி. உமா அதை ஒதுக்கிவிட்டு வயிற்றைத் திறந்தார். செம்பழுப்பாக, வழவழவென்று இருக்க வேண்டிய ஈரல் வீங்கி, வெளிறி, திட்டுத் திட்டாக மஞ்சளாக இருந்தது. விலக்கிய தோலின் உள்பக்கம்கூட மஞ்சள். ஜன்னல் வெயிலில் அது பளிச்சென்று தெரிந்தது.

முப்பத்தெட்டும் அப்படியே இருந்தது.

"ஐயோ" என்றார் உமா, மெதுவாக. உயிரோடு இருந்த ஏழு எலிகளையும் ஒவ்வொன்றாக ஜன்னலுக்குக் கொண்டுவரச் சொன்னார். நான்கின் காதுகள் மஞ்சளாகியிருந்தன. திங்கட்கிழமை டியூப்லைட்டில் அவருக்குத் தெரியாதது இப்போது தெரிந்தது. "இன்னிக்கு டோஸ் கிடையாது. நிறுத்துங்க" என்றார்.

ஃபார்மலின் பாட்டில்களில் எண் ஒட்டி முடித்ததும் உமா ஜமீலுக்குப் போன் செய்தார். சோதனை செய்யச் சொன்னவருக்கு ஆபத்தை உடனே தெரிவிப்பது விதி. ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஜமீல் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஹேடோவில் சின்ன வயசிலிருந்து ஆசியாவுக்குத் தெரிந்த மனிதர், அண்ணன் முறை வைத்து அவள் காக்கா என்று கூப்பிடுகிறவர். உமா படங்களைக் காட்டினார்.

"என்னங்க இது? எங்க வாப்பா காலத்துலேருந்து குடிக்கிறோம்" என்றார் ஜமீல். "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"நீங்க குடிச்சது வெந்நீர்ல போட்ட இலை. இது சாராயத்துல இறக்கி இறுக்கின சத்து. ரெண்டும் ஒண்ணு இல்ல பாய். எலிக்குக் கொடுத்த அளவும் ரொம்ப அதிகம். மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆனா ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அந்த காப்ஸ்யூல் யார் வாய்க்கும் போகக் கூடாது."

ஜமீல் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"காக்கா" என்றாள் ஆசியா. "யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

"ரிப்போர்ட் நல்லாத்தான் வரும்னு நெனச்சேன்மா."

"எத்தனை பேருக்கு?"

"பன்னெண்டு."

ஆசியாவுக்குக் கோபம் வந்தது. வாய் வரை வந்தது. அவரைத் திட்டினால் நேரம்தான் போகும். ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "பேரைச் சொல்லுங்க. போன் நம்பரும்."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஜமீல் பேசினார், உமா கேள்விகள் கேட்டார். பசி இருக்கிறதா, வாந்தி உண்டா, சிறுநீர் என்ன நிறம். பதினோரு பேர் எடுத்தார்கள். இரண்டு பேர் டப்பாவை இன்னும் திறக்கவே இல்லை. எல்லோரையும் நாளைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொன்னார்கள். மரைன் ஹில்லில் இருக்கும் செல்லம் மட்டும் எடுக்கவில்லை. ஐம்பத்தைந்து வயது, தனியாக இருக்கிறவர். மூன்று முறை போட்டும் மணி அடித்து அடித்து நின்றது.

"தூங்குவாங்களா இருக்கும்" என்றார் ஜமீல்.

"வண்டியை எடுங்க காக்கா."

ஆசியா ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மரைன் ஹில் மேட்டில் ஈரச் சாலை வழுக்கியது. செல்லத்தின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. தட்டியதும் உள்ளேயிருந்து, "கோன் ஹை?" என்று யாரென்று விசாரிக்கும் ஈனக்குரல் வந்தது.

"ஆசியாதான்க்கா, ஹேடோ ஆசியா" என்றபடியே உள்ளே போனாள்.

செல்லம் கட்டிலில் சுருண்டிருந்தார். தலைமாட்டில் காப்ஸ்யூல் டப்பா. பக்கத்தில் பிளாஸ்டிக் பேசின்.

"ஒரு வாரமா சோறே எறங்கலடி. பித்தம்னு நெனச்சேன். காலு வலி நல்லாக் கேட்டுச்சேன்னு ரெண்டு ரெண்டாப் போட்டுக்கிட்டேன்."

"உச்சாவுக்குப் போறப்ப என்ன கலரு?"

"பால் ஊத்தாத வரட்டீத்தண்ணி மாதிரி."

ஆசியா அவரைத் தாங்கிப் பிடித்து ஜன்னலுக்கு நடத்திக் கூட்டிவந்தாள். கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்தாள். அன்று காலையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே மஞ்சள்.

வாசலில் நின்ற ஜமீல் சுவரைப் பிடித்துக்கொண்டார். "யா அல்லா."

"அப்புறம் அழுவோம் காக்கா. ஆட்டோ பிடிங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் டப்பாவைக் கொடுத்து, என்ன மருந்து, எத்தனை நாள், எலிக்கு என்ன ஆனது என்று எல்லாவற்றையும் ஆசியாவே சொன்னாள். ஜமீல் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றார். ஈரல் சோதனையில் எண்கள் இருக்க வேண்டியதைப் போல முப்பது மடங்கு இருந்தன. மஞ்சள் காமாலைக் கிருமி எதுவும் ரத்தத்தில் இல்லை. மூன்று நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த மூன்று நாளும் வேலை முடிந்து ஆசியா நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். இரண்டாம் நாள் செல்லம் இவள் பேரை மறந்துவிட்டு உளறினார். மெயின்லேண்டுக்கு விமானத்தில் அனுப்பலாமா என்று பேச்சு எழுந்தது. நான்காம் நாள் காலை எண்கள் முதல்முறையாக இறங்கின. கண்விழித்த செல்லம், கஞ்சியில் உப்பில்லை என்று நர்ஸைத் திட்டினார்.

மற்ற பதினோரு பேரில் இருவருக்கு லேசான பாதிப்பு. நிறுத்தியதும் சரியானது. ஜமீல் தானே போலீஸுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் போய் எழுதிக் கொடுத்தார். விசாரணை இன்னும் நடக்கிறது. அவர் கடையில் அந்த இலையே இப்போது இல்லை.

பத்து நாள் கழித்துச் சென்னையிலிருந்து திசு அறிக்கை வந்தது. முப்பத்துநான்கு, நுரையீரலில் திரவம். முப்பத்தொன்றும் முப்பத்தெட்டும், ஈரல் அழுகல். சந்திரமோகன் அதை ஆசியாவிடம் நீட்டினார்.

"நான் சொன்னபடி ஃப்ரீசர்ல வெச்சிருந்தா இது கிடைச்சிருக்காது" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. ஆசியாவும் எதிர்பார்க்கவில்லை.

முப்பத்துநான்கைப் பற்றி ஒரு நாள் மறைத்ததற்கு நெறிமுறைக் குழு அவளுக்கு மூன்று மாதம் மருந்து புகட்டத் தடை போட்டது. கடிதத்தைக் கொடுக்க நாகராஜ் சங்கடப்பட்டார்.

"நான் பேசிப் பார்க்கட்டுமா தீதி?"

"வேணாம் சார். அந்த மஞ்சள் காதையும் சேத்து அன்னிக்கே சொல்லி எழுதியிருந்தா செல்லம் அக்கா வீட்டுக்கு ஒரு நாள் முன்னாடி போயிருப்போம்."

மிச்சமிருந்த ஏழு எலிகளை இரண்டு வாரம் சாறு கொடுக்காமல் வைத்திருந்து, ஈரல் தானாகத் தேறுகிறதா என்று பார்க்கச் சொன்னது குழு. ரத்தச் சோதனைப்படி தேறத் தொடங்கியிருந்தது. அதை உறுதிசெய்ய அவற்றையும் கொன்று திறந்தாக வேண்டும். அன்றைக்கு லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார் நாகராஜ். ஆசியா எடுக்கவில்லை. பழகிய கையில் இருந்தால் அவை பயப்படாது. ஏழையும் அவளே ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் செல்லத்தைப் பார்க்கப் போனாள். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இருந்தார். மெலிந்திருந்தாலும் முகம் தெளிந்திருந்தது. கையில் கஞ்சிக் கிண்ணம்.

"ஏண்டி, அந்த மிச்ச எலிகள்லாம் எப்படி இருக்கு? என்னைய மாதிரித் தேறிருச்சா?"

ஆசியா பொய் சொல்லியிருக்கலாம்.

"தேறுச்சுக்கா. நேத்தோட முடிச்சிட்டோம்."

செல்லம் ஸ்பூனைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. பிறகு ஸ்பூனை எடுத்து மிச்சக் கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்தார்.